மூன்றாம் நம்பர் தாத்தா

இரண்டு தாத்தாக்களும் காலை ஒன்பதரைக்கு எங்கள் ஆபீசுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருவர் பட்டு வேட்டியில் சுற்றப்பட்டு வந்தார், மற்றவர் கல்யாணச் சேலையில். இருவரும் செத்து நூறு வருஷம் தாண்டியாயிற்று. கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்ததால் படி ஏறுவதில் மட்டும் கொஞ்சம் சிரமம். எங்கள் மாடிப்படி குறுகல்.

ஈப்போ பழைய டவுனில் ஒரு கோப்பிக் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். போர்டில் 'வெரோனிகா துப்பறியும் நிலையம்' என்றிருக்கும். வெரோனிகா அக்கா இருபத்தெட்டு வருஷம் ஓர் ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறையில் இருந்தவர். யார் எப்போது பிறந்தார், எப்போது செத்தார், நடுவில் என்ன பொய் சொன்னார் என்று கண்டுபிடிப்பது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான் தர்மா. பத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டிவிட்டு இப்போது அக்காவுக்கு உதவியாளன், டிரைவர், கோப்பி வாங்கி வருபவன். வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

பட்டு வேட்டித் தாத்தாவைத் தூக்கி வந்தவர் சதாசிவம். எழுபது வயது, மாப்பிள்ளையின் அப்பா. சேலைத் தாத்தாவைத் தூக்கி வந்தவர் முத்தம்மா, பெண்ணின் அம்மா, விதவை. பின்னால் மாப்பிள்ளை ரூபனும் பெண் புனிதாவும் நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு நின்றார்கள். இடைவெளி பெரியவர்கள் போட்ட உத்தரவு.

நான் ஒரு படத்தை வாங்கிச் சுவரோரம் சாய்க்கப் போனேன்.

"யோவ், கீழ வைக்காத! தாத்தாயா அவரு!" என்று சதாசிவம் அலறினார்.

மேசையைக் காலி செய்தேன். இரண்டு படத்தையும் பிரித்து அருகருகே வைத்தார்கள். பார்த்ததும் எனக்கே திக்கென்றது. ஒரே ஆள். தலைப்பாகை, வெள்ளை மீசை, கறுப்புக் கோட்டு, கடிகாரச் சங்கிலி, தோளில் துண்டு.

"சனிக்கிழமை பரிசம் போட இவங்க வீட்டுக்குப் போனோம்லா," என்றார் சதாசிவம். "சாமி அறையில விழுந்து கும்பிட்டு நிமிந்து பாக்கிறேன், எங்க தாத்தா! எங்க வீட்டுலருந்து எப்பக் கிளம்பி வந்தாருன்னு ஒரு நிமிசம் புரியல."

"உங்க தாத்தாவா? என் வீட்டுக்காரரோட அப்பாவைப் பெத்தவரு அவரு," என்றார் முத்தம்மா. "பேரு இராமசாமி. பாகான் டத்தோ தென்னந்தோட்டத்துல இருந்தவரு. நாப்பது வருசமா நான் படையல் போடுறேன், எனக்குத் தெரியாதா?"

"இவரு அர்ச்சுனன்! எங்க அப்பாவைப் பெத்தவரு. 1895ல கப்பல் ஏறி வந்து பத்து காஜா பக்கம் ரப்பர் தோட்டத்துல இருந்தவரு."

"அப்ப பத்து காஜாவுல ஒரு குடும்பம், பாகான் டத்தோல ஒரு குடும்பம்," என்றேன் நான். "அந்தக் காலத்துல பஸ் கூட இல்ல. பெரிய உழைப்பாளிதான்."

அக்கா என்னை முறைத்தார். சதாசிவம் முகத்தை மூடிக்கொண்டார்.

விஷயம் இதுதான். அப்பா வழியில் ஒரே பாட்டன் என்றால் இரண்டு வீடும் பங்காளிகள். ரூபனும் புனிதாவும் அண்ணன் தங்கச்சி முறை ஆகிவிடுவார்கள். கல்யாணம் வரும் ஞாயிற்றுக்கிழமை. எண்ணூறு பேருக்குப் பத்திரிகை போய்விட்டது. கோயில் தலைவர் சீனி இன்று மாலை ஆறு மணிக்குச் சதாசிவம் வீட்டுக்கு வருகிறார். தாத்தா ஒருவரே என்றால் கல்யாணம் அங்கேயே நின்றுவிடும்.

"நிறுத்தினா நான் லூமுட்டுக்குப் போயி பெரிக் கப்பல் ஏறி பங்கோர் தீவுக்குப் போயிடுவேன்," என்றாள் புனிதா.

"அங்க என்னாடி இருக்கு?" என்று முத்தம்மா சீறினார்.

"கருவாடு இருக்கு. தாத்தா இல்ல."

ரூபனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

"வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்காதேன்னு எத்தனை தடவ சொல்றது!" என்றார் சதாசிவம். "எங்கருந்துதான் வந்துச்சோ இந்தப் பழக்கம்."

பேச்சு தெனாவெட்டாக இருந்தாலும் புனிதாவின் கண் சிவந்திருந்தது. மூன்று நாளாக அழுதிருக்கிறாள். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டிலும் ஒரு தாத்தா தொங்குகிறார். தாடி, மூக்குக் கண்ணாடி, கையில் தடிப் புத்தகம். படித்த குடும்பம். ஊரில் ரெண்டு வீட்டில் தொங்கித் தொல்லை கொடுக்கிற ஆள் இல்லை அவர்.

வெரோனிகா அக்கா பூதக்கண்ணாடியை எடுத்தார். பெரிய விசாரணை என்றால்தான் அது மேசை இழுப்பறையிலிருந்து வெளியே வரும். மற்ற நேரத்தில் மருந்துச் சீட்டு படிக்க.

"சதாசிவம் அண்ணே, உங்க தாத்தா எப்ப தவறினாரு?"

"1916. மலேரியாக் காய்ச்சல். முப்பத்தெட்டு வயசு. அப்ப எங்க அப்பாவுக்கு எட்டு வயசு."

"முப்பத்தெட்டா? மீசை வெள்ளையா இருக்கே."

"கஷ்டப்பட்ட ஒடம்பு," என்றார் சதாசிவம்.

"பின்னால என்ன கட்டடம் இது?"

எல்லாரும் குனிந்தோம். படத்தில் தாத்தாவுக்குப் பின்னால் ஒரு திரை. அதில் குளம், குளத்தில் இரண்டு அன்னம், அதற்கும் பின்னால் குவிமாடம் வைத்த வெள்ளைக் கட்டடம்.

"ஈப்போ ரயில் ஸ்டேசன்!" என்றேன். "குளம்தான் இல்ல. மழை பேஞ்சா அதுவும் இருக்கும்."

"அந்த ஸ்டேசனைக் கட்டி முடிச்சது 1917," என்றார் அக்கா. "செத்து ஒரு வருசம் கழிச்சு வந்து உக்காந்திருக்காரு உங்க தாத்தா."

சதாசிவம் நாற்காலியில் அமர்ந்துவிட்டார். முத்தம்மா திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டார்.

"இன்னொண்ணு. இவரு கோட்டுல பட்டன் எந்தப் பக்கம், அவரு கோட்டுல எந்தப் பக்கம்? துண்டு எந்தத் தோள்? மச்சம் எந்தப் பக்கம்?"

அப்போதுதான் கவனித்தேன். சதாசிவம் தாத்தாவுக்குத் தாடையில் இடது பக்கம் மச்சம். முத்தம்மா தாத்தாவுக்கு வலது பக்கம்.

"அப்ப ரெட்டைப் பிள்ளைங்க!" என்று ரூபன் குதித்தான். குதித்த பிறகுதான் இரட்டையர் என்றாலும் பங்காளிதான் என்பது உறைத்தது. மெதுவாக உட்கார்ந்தான்.

"ரெட்டையரா இருந்தா ஸ்டேசன் எதுக்குத் திரும்பணும்?" என்றார் அக்கா. "அன்னம் எதுக்குத் திரும்பணும்? ரெண்டும் ஒரே படம், ஒண்ணுக்கு மட்டும் பிலிமைத் திருப்பிப் போட்டுக் கழுவியிருக்காங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரன் பாத்தா வேற ஆளுன்னு நினைக்கட்டும்னு. அது சரி, இந்த மச்சத்துல மூணு முடி நீளமா இருக்கே, பாத்தீங்களா?"

"அது தாத்தாவோட தனி அழகு," என்றார் முத்தம்மா.

அக்கா படத்தைக் கவிழ்த்துப் பின்பக்கக் காகிதத்தைக் கத்தியால் கீறினார். சதாசிவம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். உள்ளே மங்கிப் போன ஊதா முத்திரை இருந்தது: சன் மூன் ஸ்டூடியோ, பத்து காஜா. இன்னொரு படத்திலும் அதே முத்திரை.

"தர்மா, காடியை எடு." எங்கள் ஊரில் காருக்குக் காடி என்று பெயர்.

கீழே கோப்பிக் கடையில் அக்கா திடீரென்று நின்றார். கோப்பி கலக்கும் சீனக் கிழவர் எங்களுக்குப் பத்து வருஷப் பழக்கம். அவர் தாடையையே அக்கா உற்றுப் பார்த்தார். அங்கேயும் ஒரு மச்சம், அதில் நீள முடி.

"அங்கிள், இதை ஏன் வெட்டல?"

"வெட்டினா ஓங் போயிடும் லா!" என்றார் கிழவர், யாரோ கத்தரிக்கோலுடன் வந்துவிட்டதுபோல் தாடையை மூடிக்கொண்டு. ஓங் என்றால் அதிர்ஷ்டம்.

அக்கா நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். என்னவென்று கேட்டேன். "பேசாம ஓட்டு," என்றார்.

தாத்தாக்கள் இருவரையும் பின்சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போட்டேன். சதாசிவத்தின் நிபந்தனை அது. என்னுடைய குட்டிக் கஞ்சில் காடிக்கு அவ்வளவு கௌரவமான பயணிகள் வந்ததே இல்லை. பத்து காஜா போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு. ஸ்டூடியோ கதவில் 'மூணு மணிக்கு வரும்' என்று மலாயில் அட்டை தொங்கியது. வேறு வழியில்லாமல் சாலையோர வடைக் கடைக்குப் போனோம்.

கடைக்காரப் பெண்மணிக்கு அறுபது வயதிருக்கும். பெயர் கருப்பம்மாள். வடையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே காடியை எட்டிப் பார்த்தார். காகிதம் கையிலிருந்து நழுவியது.

"ஏன்யா, எங்க தாத்தாவை எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

"அலாமாக், ஐயய்யோ," என்றேன் நான்.

"எங்க வீட்டுக்காரரோட பாட்டன்யா அவரு. பெருமாளு. இந்தா, முடி மூணும் அப்படியே இருக்கே! வீட்ல யாரு சாமி அறையைத் தொறந்தது?" என்று கருப்பம்மாள் கரண்டியோடு கிளம்பிவிட்டார். வீட்டுக்கு போன் போட்டு, தாத்தா ஆணியிலேயே தொங்குகிறார் என்று மருமகள் சொன்ன பிறகுதான் அடங்கினார்.

காடிக்குள் வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, மூணு தோட்டத்துல மூணு குடும்பம். இந்த மனுசன் எப்பதான் ரப்பர் மரத்துல பால் வெட்டினாரு?"

அக்கா வடையை நிதானமாக மென்றார். "உங்க ஆளுங்களுக்கு இதுதான் தொல்லை. எங்க மாதாகோயில்காரங்க எல்லார் வீட்லயும் ஒரே படம்தான் தொங்குது. நெஞ்சுல இருதயம் தெரியிற ஏசுநாதர். யாராச்சும் பங்காளிச் சண்டை போட்டோமா?"

"அது ஏசுநாதர் அக்கா."

"எங்க வீட்டுப் படத்தை எங்க வாங்கினது?"

"கடையில."

"எதிர் வீட்டு ஆம்புரோஸ் வீட்டுப் படம்?"

"அதுவும் கடைய..." என்று நிறுத்தினேன். வாயில் வடை இருந்தது, விழுங்க மறந்துவிட்டேன்.

"ஒரே ஆளு நிறைய வீட்ல தொங்கினா, அவரு நிறைய வீட்ல குடும்பம் நடத்தினாருன்னு ஏன் நினைக்கணும்?" என்றார் அக்கா. "எல்லாரும் ஒரே கடைக்குப் போயிருக்காங்க. கேள்வி அதில்ல. படத்துல உக்காந்திருக்கிறவரு யாரு?"

மூன்று மணிக்கு ஸ்டூடியோ திறந்திருந்தது. இப்போது பாஸ்போர்ட் படமும் போட்டோஸ்டேட்டும்தான் நடக்கிறது போலும். கடைக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு சின்னச் சின்னப் படங்களை வெட்டிக்கொண்டிருந்தார்.

"அங்கிள்," என்று கூப்பிட்டார் அக்கா.

அவர் திரும்பினார்.

நான் பொய் சொல்லவில்லை, என் இரண்டு கையும் தானாகக் கூப்பிக்கொண்டன. தலைப்பாகை இல்லை, மீசை இல்லை, கோட்டுக்குப் பதில் பனியன். ஆனால் அதே கண், அதே நெற்றி, அதே காது. தாடையில் இடது பக்கம் மச்சம், அதில் மூன்று முடி.

"இந்தா, இவனும் கும்பிடுறான்," என்றார் அவர் தமிழில், சலிப்போடு. "தீபாவளி வந்தா பசார்ல பாதிப் பேரு என்னைப் பாத்துக் கன்னத்துல போட்டுக்கிறான். என் மூஞ்சியில ஏதோ சாமிக் களை இருக்குன்னு நினைச்சுக்கிட்டேன் லா."

பெயர் சூங், சீனர். பத்து காஜாவில் பிறந்து தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவர். அக்கா இரண்டு படத்தையும் அவர் முன்னால் வைத்தார். சூங் பார்த்தார், மூக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், பிறகு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"மூணாம் நம்பர்! இன்னும் இருக்கா இது! இது என் தாத்தா லா!"

"நாலாவது ஆளு," என்று முனகினேன்.

"இல்ல தர்மா," என்றார் அக்கா. "மொதல் ஆளு."

சூங் உள்ளே போய் ஒரு தகர டப்பாவும் ஆல்பமும் கொண்டுவந்தார். டப்பாவுக்குள் பழைய மீசைகள். வெள்ளை, கறுப்பு, முறுக்கு, தொங்கு எனப் பல ரகம்.

"அந்தக் காலத்துல தோட்டத்து ஆளுங்க வருவாங்க. அப்பா செத்துட்டாரு, படம் எடுக்கவே இல்ல, படையல் போட மொகம் இல்லன்னு அழுவாங்க. என் தாத்தாவுக்கு மனசு கேக்கல. யாராச்சும் வேசம் போட்டு உக்காருங்க, படம் எடுத்து வச்சுக்கிறேன்னு கேட்டாரு. ஒருத்தனும் வரல. உசுரோட இருக்கிறவன் செத்தவனா உக்காந்தா ஆயுசு போயிடும்னு எல்லாம் ஓடிட்டான். கடைசியில அவரே மீசை ஒட்டிக்கிட்டு உக்காந்துட்டாரு. கறுப்பு வெள்ளைப் படம்தானே, இருட்டறையில கொஞ்சம் கூட நேரம் வச்சா நிறம் சரியாயிடும்."

ஆல்பத்தைத் திறந்தார். ஆறு தாத்தாக்கள். ஒன்றாம் நம்பர் வேலோடு. இரண்டாம் நம்பர் குடையோடு. மூன்றாம் நம்பர் நம் ஆள். ஆறும் ஒரே சூங் தாத்தாதான். பேராக் மாநிலம் முழுக்கப் படையல் வாங்கித் தின்றது இந்த ஒரே மனிதர். ஐந்தாம் நம்பருக்குத் தாடி, மூக்குக் கண்ணாடி, கையில் தடிப் புத்தகம்.

நான் ஆல்பத்தை மூடிவிட்டேன்.

"என்ன தர்மா?" என்றார் அக்கா.

"ஒண்ணுமில்ல. தூசி."

அக்கா என் முகத்தை ஒரு நொடி பார்த்தார். நல்ல வேளை, வேறு வேலை இருந்தது. "அங்கிள், வந்தவங்க பேரு ஏதாச்சும் எழுதி வச்சாரா?"

"பேரு மட்டுமா? எல்லாம் எழுதினாரு." சூங் தடித்த நோட்டு ஒன்றைத் தூக்கிப் போட்டார். முழுக்கச் சீன எழுத்து. அக்கா புரட்டிப் பார்த்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அங்கிள், இதை நீங்கதான் படிக்கணும். ஈப்போல. ஆறு மணிக்கு."

"ஏன், நான் எதுக்கு?"

"உங்க தாத்தா ஒரு கல்யாணத்தை நிறுத்தப் பாக்குறாரு."

சூங் கடையைப் பூட்டினார். சட்டை மட்டும் மாட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். பின்சீட்டில் இரண்டு தாத்தாக்களுக்கும் நடுவில் அவர் உட்கார்ந்தார். சிக்னலில் பக்கத்தில் நின்ற மோட்டார்சைக்கிள்காரன் மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிவப்பு விளக்கிலேயே கிளம்பிப் போய்விட்டான்.

சதாசிவம் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. மணி ஆறு பத்து. உள்ளே கோயில் தலைவர் சீனி தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. ஒரே பாட்டன்னா அது ரத்தம். நம்ம கையில ஒண்ணும் இல்ல. அதனால இந்தக் கல்யாணத்தை..."

அக்கா சூங்கை வாசலுக்குள் தள்ளினார்.

தொண்டைச் செருமல் நின்றது. சதாசிவம் வாயைத் திறந்தபடி எழுந்தார். அடுத்த நொடி தடாலென்று சூங்கின் காலில் விழுந்தார். முத்தம்மா விழுந்தார். என்ன ஏது என்று தெரியாமலே சீனியும் விழுந்தார்.

"எழுந்திரு லா," என்றார் சூங் பதறி. "எனக்கு மூட்டு வலி, குனிஞ்சு தூக்க முடியாது."

அக்கா நடந்ததைச் சொன்னார். பட்டன், ஸ்டேஷன், சீனர்கள் வெட்டாத மச்சத்து முடி, மீசை டப்பா எல்லாம். சொல்லி முடித்தபோது முத்தம்மா தரையிலேயே உட்கார்ந்திருந்தார். புனிதா மட்டும் மெல்ல அந்த ஓர் ஆள் இடைவெளியைக் குறைத்து ரூபன் பக்கம் நகர்ந்தாள்.

சீனி சுலபத்தில் விடுகிற ஆள் இல்லை. "படம் பொய்யின்னா சரி. ஆனா பாட்டன் ரெண்டு பேருன்னு அதுல நிரூபணம் ஆகலையே?"

"இன்னும் நோட்டு படிக்கல," என்றார் அக்கா.

சதாசிவம் எதையும் கேட்கவில்லை. தன் மடியிலிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நெனவு தெரிஞ்ச நாள்லருந்து," என்றார். "பரீட்சைக்குப் போனா இவரைக் கும்பிட்டேன். என் சம்சாரம் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப இவருகிட்டதான் அழுதேன். எங்க அப்பாவும் ஒரு வார்த்தை சொல்லல. அப்ப எங்க தாத்தா எங்கய்யா? எனக்கு மொகமே இல்லையா?"

அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. எனக்கு ஐந்தாம் நம்பர் ஞாபகம் வந்தது.

சூங் நோட்டைப் பிரித்தார். விரலால் வரி வரியாகத் தேடினார். "இந்தா. 1958, தீபாவளிக்கு முன்னால. வந்தவர் தேவன்."

"எங்க அப்பா," என்றார் சதாசிவம்.

"அப்பா பேரு அர்ச்சுனன். ஊரு திருவண்ணாமலைப் பக்கம். கப்பல் ஏறினது பதினேழு வயசு, நாகப்பட்டினம். நாலாவது பக்கம் இன்னொரு ஆளு. பாகான் டத்தோ. அப்பா பேரு இராமசாமி. ஊரு சேலம் பக்கம். மெட்ராஸ்ல கப்பல் ஏறினது. ரொம்ப உசரம், அம்மைத் தழும்பு, யாரு கூட நடந்தாலும் பத்தடி முன்னால போயிடுவாரு."

"புனிதா!" என்றார்கள் மூன்று பேர் ஒரே நேரத்தில். அவளோடு பசாருக்குப் போய் ஓடி ஓடிக் களைத்தவர்கள்.

"ரெண்டு ஊரு, ரெண்டு கப்பல், ரெண்டு ஆளு," என்றார் அக்கா. சீனி தலையாட்டினார்.

"அர்ச்சுனன் இன்னும் முடியல," என்றார் சூங். "என் தாத்தா கேட்டிருக்காரு, உங்க அப்பா எப்படி இருப்பாருன்னு. தேவன் சொன்னது: மொகம் மறந்துபோச்சு. எனக்கு எட்டு வயசு. குட்டை. கோட்டு போட்டதே இல்ல. முன்பல்லு ரெண்டு கெடையாது, அதனால சிரிச்சா கையால வாயைப் பொத்திக்குவாரு. அது மட்டும்தான் ஞாபகம் இருக்கு." சூங் கண்ணாடியைக் கழற்றினார். "அப்புறம் எழுதியிருக்கு, மூணாம் நம்பர். கோட்டு நல்லாயிருக்குன்னு அவரே எடுத்துக்கிட்டாரு."

யாரும் யாரையும் பார்க்கச் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் ரூபனைத்தான் பார்த்தோம். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

அப்போதுதான் முத்தம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அங்கிள், உங்க தாத்தாவுக்கு நாப்பது வருசமா ஆட்டுக்கறி வறுவலும் கறுப்பு பீரும் சுருட்டும் வச்சேனே. அவருக்குப் பிடிச்சிருக்குமா?"

சூங் முகம் வாடிவிட்டது. "என் தாத்தா 1899ல காண்டன்ல இருந்து கைக்குழந்தையா கப்பல்ல வந்தவரு. சாகுற வரைக்கும் கறி தொட்டதில்ல, தண்ணி தொட்டதில்ல. சுத்த சைவம் லா."

அப்போது ஒரு சத்தம் கேட்டது. சதாசிவம். தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் ஓடியது. கிழவர் சிரித்துக்கொண்டிருந்தார். வலது கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டு.

"அப்பா," என்றான் ரூபன். "கை."

சதாசிவம் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் கையை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறவர்போல் பார்த்தார். பிறகு அந்தக் கையால் மகனை இழுத்துக் கட்டிக்கொண்டார். "பொத்திக்கிட்டே சிரிடா," என்றார். "இனிமே நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமையே என்று சீனி அறிவித்தார். மூன்றாம் நம்பரைச் சுவரிலிருந்து இறக்க வேண்டாம் என்று சதாசிவம் சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் காத்த மனிதரைத் தெருவில் விடுவதா? ஆனால் இனி இரண்டு இலை. ஆட்டுக்கறி அர்ச்சுனனுக்கு, கீரையும் தோசையும் இவருக்கு. சூங்குக்கு முதல் வரிசையில் நாற்காலி.

இரவு அவரை பத்து காஜாவில் இறக்கிவிடப் போனேன். அக்கா முன்சீட்டில் தூங்கிவிட்டார், அல்லது தூங்குவதுபோல் இருந்தார். நான் கண்ணாடியில் சூங்கைப் பார்த்தேன்.

"அங்கிள், அந்த நோட்டுல அஞ்சாம் நம்பர் வாங்கினவங்க எத்தனை பேரு?"

"நிறைய லா. படிச்ச ஆளு மாதிரி இருக்கும்னு எல்லாருக்கும் பிடிக்கும். உன் தாத்தா பேரு சொல்லு, பாக்குறேன்."

வாயைத் திறந்தேன். ஐம்பத்திரண்டு வருஷம் பூப்போட்டுக் கும்பிட்ட மனிதர். தாத்தா என்றுதான் சொல்வோம், அதற்கு மேல் நான் கேட்டதே இல்லை. காடியை ஓரமாக நிறுத்தினேன். அம்மாவுக்கு போன் போட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தார்.

"அம்மா, நம்ம தாத்தா பேரு என்னாம்மா?"